ஓடுகிற காலுக்கு எந்த ஷூ?

விடியும் முன்பே மாரிகுப்பம் ரயில் நிலையத்தில் கூட்டம் சேர்ந்துவிடும். எல்லார் கையிலும் சாப்பாட்டுப் பை இருக்கும். பெங்களூர் போகும் ரயிலுக்காகக் காத்திருப்பார்கள். கோலார் தங்கச் சுரங்கம் 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதி மூடப்பட்டது. அதன் பிறகு தங்கவயலில் பல வீடுகளில் இந்த ரயிலை நம்பித்தான் உலை கொதிக்கிறது.

அதே நேரத்தில் இன்னொரு கூட்டம் திடலில் ஓடிக்கொண்டிருக்கும். எல்லாரும் இளைஞர்கள். போலீஸ் வேலைக்கு ஆண்கள் 1600 மீட்டர் ஓடிக் காட்ட வேண்டும். பட்டாளத்துக்கும் அதே தூரம்தான். குறித்த நேரத்தில் ஓடி முடிக்காவிட்டால் வேலை இல்லை.

சாம்பியன் ரீஃபில் ஒரு லைன் வீடு. தாத்தா சுரங்கத்தில் வேலை செய்தவர். அம்மா பெங்களூரில் ஓர் அலுவலகத்தில் துப்புரவு வேலை செய்கிறார். மகனுக்கு 20 வயது. போலீஸ் வேலைக்காகத் தினமும் ஓடுகிறான்.

ஒரு நாள் காலை மகன் நொண்டிக்கொண்டே வந்தான்.

"காலு வலிக்குதும்மா. முட்டிக்குக் கீழ, எலும்பு ஓரமா."

"எந்தக் காலுடா?"

"ரெண்டு காலும்தான்."

அவன் போட்டிருந்தது பள்ளிக்கூடத்தில் வாங்கிய வெள்ளை கேன்வாஸ் ஷூ. தாத்தா அதை வாங்கி வளைத்துப் பார்த்தார். சப்பாத்தி போல மடங்கியது.

"இத மாட்டிக்கிட்டா ஓடுற? எங்க பூட்ஸ் கனமா இருக்கும். ஆனா காலப் பிடிச்சு நிக்கும்" என்றார் தாத்தா.

ஞாயிற்றுக்கிழமை மாலை அம்மாவும் மகனும் ராபர்ட்சன்பேட்டைக்குப் போனார்கள். சீட்டு எடுத்த பணத்தில் 2,500 ரூபாய் அம்மாவின் கையில் இருந்தது. கடைக்காரர் இரண்டு ஷூக்களை எடுத்து வைத்தார்.

"இது குஷன் ஷூக்கா. மெத்தை மாதிரி இருக்கும். இது சப்போர்ட் ஷூ. காலு சாயாம பிடிச்சுக்கும். எது வேணும்?"

அம்மா இரண்டையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். குஷன் ஷூ மெத்தென்று இருந்தது. "இதுவே நல்லா இருக்கே" என்றார்.

மெத்தென்று இருந்தால் போதுமா? ஓடும்போது காலில் என்ன நடக்கிறது என்று முதலில் பார்ப்போம்.

நடக்கும்போது ஒரு கால் எப்போதும் தரையில் இருக்கும். ஓடும்போது அப்படி இல்லை. உடம்பு முழுவதும் ஒரு கணம் காற்றில் இருக்கும். பிறகு ஒற்றைக் காலில் வந்து இறங்கும். அப்போது அந்தக் காலில் நம் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு பாரம் விழும். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு அது 120 கிலோ முதல் 180 கிலோ வரை ஆகும். ஒவ்வொரு அடிக்கும் இப்படித்தான். இந்த அதிர்ச்சி சட்டென்று காலில் ஏறாமல் இருக்க ஷூவின் அடியில் நுரை வைக்கிறார்கள். அதுதான் குஷன்.

கால் நேராக இறங்குவதும் இல்லை. பெரும்பாலும் குதிகாலின் வெளி ஓரம் முதலில் தரையில் படும். பிறகு பாதம் கொஞ்சம் உள்பக்கமாகச் சாயும். உள்ளங்கால் வளைவு சற்றுத் தாழ்ந்து மறுபடி எழும்பும். இது எல்லாருக்கும் உண்டு. இது குறை அல்ல. வண்டிக்கு வில் இருப்பது போலக் காலுக்கு இந்தச் சாய்வு. ஆனால் சிலருக்குப் பாதம் அளவுக்கு மீறி உள்ளே சாயும். அவர்கள் மிக மெத்தென்ற ஷூவைப் போட்டால் கால் தள்ளாடலாம். மணலில் ஓடுவது போல இருக்கும்.

சப்போர்ட் ஷூவில் உள் ஓரத்து நுரை கெட்டியாக இருக்கும். குதிகாலைச் சுற்றி விறைப்பான கிண்ணம் போன்ற பகுதி இருக்கும். பாதம் அதிகம் சாயாமல் இவை தடுக்கும். சோதிப்பது எளிது. ஷூவின் முன்பகுதியை ஒரு கையிலும் பின்பகுதியை ஒரு கையிலும் பிடித்து, துணி பிழிவது போல முறுக்க வேண்டும். சப்போர்ட் ஷூ எளிதில் முறுங்காது. விரல் மடங்கும் இடத்தில் மட்டும் எந்த ஷூவும் வளைய வேண்டும். நடுவில் மடங்கினால் அது ஓடுவதற்கு ஆகாது.

பாதத்தின் வளைவை வீட்டிலேயே பார்க்கலாம். காலை நனைத்துச் சிமெண்டுத் தரையில் வைத்து எடுக்க வேண்டும். பாதம் முழுவதும் ஈரமாகப் பதிந்தால் தட்டைப் பாதம். நடுவில் மெல்லிய பட்டைபோலப் பதிந்தால் உயர்ந்த வளைவு. இரண்டுக்கும் நடுவில் இருப்பது சாதாரணப் பாதம்.

தட்டைப் பாதத்துக்கு சப்போர்ட் ஷூ, உயர்ந்த வளைவுக்கு குஷன் ஷூ என்று பல ஆண்டுகள் சொல்லி வந்தார்கள். கடைகளில் இன்றும் சொல்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அமெரிக்காவில் புதிதாகப் படையில் சேர்ந்தவர்களிடம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பிரிவினருக்குப் பாதத்தின் வடிவம் பார்த்து ஷூ கொடுத்தார்கள். மற்றொரு பிரிவில் எல்லாருக்கும் ஒரே வகை ஷூ. பயிற்சி முடிந்ததும் கணக்கு எடுத்தார்கள். இரு பிரிவிலும் காலில் அடிபட்டவர்கள் ஏறக்குறைய ஒரே அளவுதான். 2009, 2010ஆம் ஆண்டுகளில் இந்த முடிவுகள் வெளிவந்தன.

அப்படியானால் சப்போர்ட் ஷூ வீணா? அதுவும் இல்லை. லக்சம்பர்க் என்னும் சிறு நாட்டில் 372 பேரை ஆறு மாதம் கவனித்தார்கள். சப்போர்ட் ஷூ போட்டவர்களுக்குக் காயம் குறைந்தது. முக்கியமாக, பாதம் உள்பக்கம் சாய்கிறவர்களுக்குப் பலன் தெரிந்தது. இது 2016இல் வெளிவந்தது. ஆகவே ஈரக் கால் தடம் ஒரு குறிப்புதான். அதை மட்டும் நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம். போட்டு ஓடிப் பார்த்தபோது கால் என்ன சொல்கிறது என்பதே பெரிது.

ஷூவே இல்லாமல் ஓடி ஜெயித்தவரும் உண்டு. எத்தியோப்பியா நாட்டு அபேபே பிகிலா 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் 42 கிலோமீட்டர் ஓட்டத்தை வெறுங்காலில் ஓடித் தங்கம் வென்றார். 1964இல் டோக்கியோவில் ஷூ போட்டு ஓடினார். அப்போதும் தங்கம்தான். கோலாரில் பிறந்த கென்னத் பவல் இந்தியாவுக்காக ஓடியதும் அதே டோக்கியோ ஒலிம்பிக்கில்தான். பிகிலாவின் கால் வெறுங்காலுக்குப் பழகிய கால். தார் ரோட்டில் கண்ணாடித் துண்டு கிடக்கும் ஊரில் அதை நாமும் செய்து பார்ப்பது சரியல்ல. சர்க்கரை நோய் உள்ளவர்கள் வெறுங்காலில் நடக்கவே கூடாது.

கடையில் மகன் இரண்டு ஷூக்களையும் போட்டுப் பார்த்தான். வீட்டிலிருந்து தன் காலுறையைக் கொண்டுவந்திருந்தான். அது நல்லது. காலுறை மாறினால் அளவும் மாறும். மாலையில் போனதும் நல்லதுதான். பகல் முழுவதும் நின்று நடந்தால் பாதம் கொஞ்சம் வீங்கும். காலையில் சரியாக இருக்கும் ஷூ மாலையில் இறுக்கும்.

அம்மா ஷூவின் நாக்கைத் தூக்கி அளவு எண்ணைப் படித்தார். "எட்டுன்னு போட்டிருக்கு. விரலு இடிக்குதா?"

"கொஞ்சம் இடிக்குதும்மா."

"அப்ப ஒம்போது குடுங்க."

நின்றால் விரல் நுனிக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். குதிகால் வழுகக் கூடாது. போடப் போடச் சரியாகிவிடும் என்று யார் சொன்னாலும் இறுக்கமான ஷூவை வாங்கக் கூடாது.

மகன் கடை வாசலில் நாலு முறை ஓடினான். குஷன் ஷூவில் குதிகால் இப்படியும் அப்படியும் ஆடியது. சப்போர்ட் ஷூவில் கால் அடங்கி நின்றது. உள் ஓரம் உறுத்தவும் இல்லை. விலை 2,200 ரூபாய். 1,900க்குக் கொடுத்தார் கடைக்காரர்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பேனா எடுத்தார். ஷூவின் நாக்கின் உட்புறம் அன்றைய தேதியை எழுதினார். ஷூவின் நுரை சுமார் 500 கிலோமீட்டர் முதல் 800 கிலோமீட்டர் வரை தாங்கும். பிறகு அமுங்கிப்போகும். மேலே பார்த்தால் புதிதாகவே இருக்கும். நாளுக்கு 5 கிலோமீட்டர், வாரம் 6 நாள் ஓடினால் வாரத்துக்கு 30 கிலோமீட்டர். 20 வாரத்தில் 600 கிலோமீட்டர் ஆகிவிடும்.

"நாளைக்கே ஓடப் போறியா?" என்று கேட்டார் தாத்தா.

"ஆமா தாத்தா."

"வலி நிக்கட்டும். அப்புறம் ஓடு."

தாத்தா சொன்னதுதான் சரி. இந்த வகை வலி பெரும்பாலும் திடீரென்று ஓட்டத்தைக் கூட்டுவதால் வருகிறது. மகன் ஒரே வாரத்தில் 2 கிலோமீட்டரை 6 ஆக்கியிருந்தான். எந்த ஷூவும் அதைத் தாங்காது. சில நாள் ஓய்வு வேண்டும். பிறகு குறைந்த தூரத்தில் தொடங்கி மெல்லக் கூட்ட வேண்டும். எலும்பில் ஒரே இடத்தில் தொட்டால் வலித்தாலும், இரவில் படுத்திருக்கும்போது வலித்தாலும் மருத்துவரிடம் போக வேண்டும். எலும்பில் மயிரிழை விரிசல் இருக்கலாம்.

மகன் ஒரு சொம்புத் தண்ணீரைத் திண்ணை ஓரத்தில் வைத்தான்.

"அம்மா, நீ கால நனைச்சு வையி."

"எனக்கு எதுக்குடா? நானா ஓடப் போறேன்?"

"எட்டு மணி நேரம் நிக்கிறியே. வையி."

அம்மா காலை வைத்து எடுத்தார். பாதம் முழுவதும் தரையில் பதிந்திருந்தது. மகன் அம்மாவின் ரப்பர் செருப்பைத் திருப்பிப் பார்த்தான். உள் ஓரம் தேய்ந்து, தாளைப் போல மெலிந்திருந்தது. மீதி 600 ரூபாய் அம்மாவின் முந்தானை முடிச்சில் இருந்தது.