உடற்பயிற்சியின் அளவும் பெண்களின் உடல்திறனும்

பெங்களூர் லால்பாக் தோட்டத்திலும் கப்பன் பூங்காவிலும் நாள்தோறும் காலையில் பெண்கள் பலர் நடைப்பயிற்சி மேற்கொள்கின்றனர். சில மாதங்கள் நடந்தும் எடை குறையவில்லையே என்று மனம் தளர்ந்து பயிற்சியைக் கைவிடுவோரும் உண்டு. எடை குறையாவிடில் பயிற்சி வீண்தானா? குறைந்தது எவ்வளவு பயிற்சி தேவை? இவ்வினாக்கள் இன்று பல இலட்சம் குடும்பங்களின் நலனைத் தொடுவனவாகும்.

தேசியக் குடும்பநல ஆய்வின்படி, கர்நாடகத்தில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் மிகை எடையுடையோர் 2015-16இல் 23.3 சதவீதமாக இருந்தனர். 2019-21இல் இது 30.1 சதவீதமாக உயர்ந்தது. நீரிழிவும் இரத்த அழுத்தமும் இதனைத் தொடர்ந்து வருகின்றன. ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் தையல் இயந்திரத்தின் முன்னும், அலுவலகங்களில் கணினியின் முன்னும் நாள் முழுவதும் அமர்ந்திருக்கும் பெண்கள் பெங்களூரில் மிகுதி. பணி முடிந்தபின் வீட்டு வேலையும் அவர்களுக்குக் காத்திருக்கிறது. எனவே, பயிற்சிக்கு ஒதுக்கக்கூடிய நேரம் சிறிதே.

ஆய்வு கூறுவது

அமெரிக்காவின் டல்லஸ் நகரிலுள்ள கூப்பர் நிறுவனம் நடத்திய ஓர் ஆய்வு 2007ஆம் ஆண்டில் வெளிவந்தது. மாதவிடாய் நின்ற, மிகை எடையும் உயர்ந்த இரத்த அழுத்தமும் கொண்ட 464 பெண்கள் அதில் பங்கேற்றனர். ஒரு பிரிவினர் பயிற்சி ஏதும் செய்யவில்லை. ஏனைய மூன்று பிரிவினர் ஆறு மாதங்கள் மிதமான வேகத்தில் பயிற்சி செய்தனர். அவர்கள் வாரந்தோறும் செலவிட்ட நேரம் சராசரியாக முறையே 72, 136, 192 நிமிடங்கள். இரண்டாம் பிரிவினரின் அளவே அக்காலத்தில் பரிந்துரைக்கப்பட்டதாகும். முதற்பிரிவினருடையது அதில் பாதி.

உடல் பயன்படுத்தக்கூடிய பிராணவாயுவின் உச்ச அளவே உடல்திறனின் அளவுகோலாகக் கொள்ளப்பட்டது. பயிற்சி செய்யாதோருடன் ஒப்பிடுகையில், இது மூன்று பிரிவினரிடமும் முறையே 4.2, 6.0, 8.2 சதவீதம் உயர்ந்தது. அளவு கூடக்கூடப் பயனும் கூடியது. பாதி அளவே செய்தோரும் பயன் பெற்றனர் என்பது குறிப்பிடத்தக்கது.

எடையில் பிரிவுகளுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆயினும் பயிற்சி செய்த மூன்று பிரிவினருக்கும் இடுப்புச் சுற்றளவு குறைந்தது. எடை மாறாதபோதும் வயிற்றுக் கொழுப்புக் குறையக்கூடும் என்பதை இது உணர்த்துகிறது.

எடை ஏன் குறைவதில்லை?

70 கிலோ எடையுள்ள ஒரு பெண், முதற்பிரிவினரைப் போல் பயிற்சி செய்தால் வாரத்திற்கு 280 கிலோ கலோரி செலவாகும். நாளொன்றுக்கு இது 40 கிலோ கலோரி. ஏறத்தாழ ஒரு சிறு இட்லி தரும் சக்தி. பயிற்சிக்குப்பின் சற்று அதிகமாக உண்டாலே இக்கணக்குச் சரியாகிவிடும். எடையைக் குறைக்க விரும்புவோர் உணவிலும் கட்டுப்பாடு கொள்ளுதல் அவசியம். ஆனால் இதயமும் தசைகளும் பெறும் வலிமையை எடைப்பொறி காட்டாது.

நடைமுறையில்

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான பயிற்சியைப் பரிந்துரைத்தது. இதுவே இலக்கு. ஆயினும் இதனை எட்ட இயலாதோர், நாளொன்றுக்குப் பத்து நிமிட விரைவு நடையில் தொடங்கலாம். வாரத்திற்கு அது 70 நிமிடங்களாகும். இரத்த அழுத்தம், நீரிழிவு, மூட்டுவலி உடையோர் மருத்துவரின் ஆலோசனையுடன் தொடங்குதல் நன்று. எடையுடன் இடுப்பையும் அளந்து குறித்துவர வேண்டும். இந்தியப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரே எல்லையெனக் கொள்ளப்படுகிறது.

தனிமனித முயற்சி மட்டும் போதாது. மாலையிலும் அச்சமின்றி நடக்கத்தக்க பூங்காக்களும், தடையற்ற நடைபாதைகளும், தொழிற்சாலைகளில் பத்து நிமிட ஓய்வும் அமையுமாயின், நேரமில்லாத பெண்ணுக்கும் உடல்நலம் எட்டும் பொருளாகும்.