கிலோவுக்கும் காற்றுக்கும் நடுவே கால் மைல்

டிராக் (drag) பந்தயத்தில் வளைவே கிடையாது. 402 மீட்டர் நேர்ப்பாதை, அதாவது கால் மைல், இரண்டு கார்கள், ஒரு பச்சை விளக்கு. விளையாட்டு இவ்வளவு எளிமையாகத் தெரிவதாலேயே கார் கட்டுகிறவர்களிடம் எளிமையான நம்பிக்கைகளும் ஊறிப்போயிருக்கின்றன. அவற்றில் மூத்தது இது: "எடையைக் குறைத்தால் போதும். காற்றைப் பற்றிக் கவலைப்படும் அளவுக்கு நம் கார் வேகமாகவா போகிறது?"

முதல் பாதி சரிதான். கால் மைல் நேரம், எடையைக் குதிரைத்திறனால் வகுத்தால் வரும் எண்ணின் கனமூலத்தை ஒட்டி மாறும் என்பது பந்தயக்காரர்கள் நெடுங்காலமாகக் கையாளும் கணக்கு. எடையில் 10 சதவீதம் போனால் நேரத்தில் சுமார் 3.5 சதவீதம் போகும். 12 நொடியில் ஓடும் காருக்கு அது 0.4 நொடி. இந்தப் பந்தயத்தில் அது பெரிய இடைவெளி.

இரண்டாம் பாதியில்தான் தவறு இருக்கிறது. 1,500 கிலோ எடையுள்ள ஒரு சாதாரண செடானை எடுத்துக்கொள்வோம். காற்றுத்தடைக் குணகம் 0.35, முகப்புப் பரப்பு 2.2 சதுர மீட்டர். மணிக்கு 100 கிலோமீட்டரில் காற்றைத் தள்ள மட்டும் சுமார் 13 குதிரைத்திறன் வேண்டும். 200 கிலோமீட்டரில் அதுவே 106 ஆகிவிடும். வேகம் இரு மடங்கானால் செலவு எட்டு மடங்கு. அப்படியானால் மெதுவான காருக்குக் காற்று ஒரு பொருட்டே இல்லை என்றுதான் தோன்றும்.

ஆனால் முழு ஓட்டத்துக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறு விடை வருகிறது. காற்று தின்னும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். காரின் இயக்க ஆற்றலும் அப்படியே ஏறும். எனவே இரண்டுக்கும் உள்ள விகிதம் வேகத்தைப் பொறுத்து மாறுவதில்லை. மணிக்கு 160 கிலோமீட்டரில் கோட்டைத் தாண்டினாலும் 200இல் தாண்டினாலும், இந்தக் கார் தன் இயக்க ஆற்றலில் ஏறத்தாழ 15 சதவீத அளவைக் காற்றுக்குக் கொடுத்திருக்கும். அந்த விகிதத்தை மாற்றக்கூடியவை காரின் உருவமும் எடையும் மட்டுமே. அதே உருவத்தை 750 கிலோவாகக் குறைத்துவிட்டால் 15 சதவீதம் 30 ஆகும். எடையைக் குறைக்கக் குறைக்கக் காற்று பெரிதாகிறது. உள்ளே இருப்பதையெல்லாம் கழற்றி எறிந்தவர்தான் வெளியே வீசும் காற்றைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியவர் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். காற்றில் மிச்சம் பிடிப்பது கடைசிக் கோட்டு வேகத்தில் நன்றாகத் தெரியும்; நேரத்தில் அவ்வளவு தெரியாது. நேரத்தைத் தீர்மானிப்பதில் முதல் 60 அடிக்குப் பெரும் பங்கு உண்டு. அங்கே காற்று இன்னும் விழித்துக்கொள்வதே இல்லை.

"ஒரு கிலோ எங்கே இருந்தாலும் ஒரு கிலோதான்" என்பதும் தவறு. டயரின் விளிம்பில் உள்ள கிலோவை முன்னே தள்ளுவதோடு சுழற்றவும் வேண்டும். எஞ்சினுக்கு அது ஏறக்குறைய இரண்டு கிலோ. இடமும் முக்கியம். புவியீர்ப்பு அளவு முடுக்கத்தில் நம் செடான் கிளம்பினால் சுமார் 280 கிலோ முன்சக்கரங்களிலிருந்து பின்சக்கரங்களுக்கு மாறும். பேட்டரியைப் பின்புறப் பெட்டிக்குக் கொண்டுபோவது பின்டயர்களின் பிடிப்பைக் கூட்டத்தான். அமெரிக்க டிராக் பந்தய அமைப்பான என்.எச்.ஆர்.ஏ.வின் பந்தயங்களில் ப்ரோ ஸ்டாக் பிரிவுக் காருக்கு, ஓட்டுநரோடு சேர்த்து, குறைந்தபட்சம் 2,350 பவுண்டு இருக்க வேண்டும் என்பது விதி. அங்கே காரின் எடையை அதற்கும் கீழே கொண்டுபோவது மொத்த எடையைக் குறைக்க அல்ல. மிச்சமான எடையை ஈயமாகவோ இரும்பாகவோ வேண்டிய இடத்தில் வைப்பதற்கு.

"விங் என்பது சுமையும் தடையும்தான்" என்று சொல்கிறவர்கள் டிராக் ஓட்டுநர் ஜோ அமாட்டோவின் 1984ஆம் ஆண்டு டாப் ஃபியூயல் பிரிவுக் காரைப் பார்க்க வேண்டும். பின்விங்கை வழக்கத்தைவிட உயரமாகவும் பின்தள்ளியும் பொருத்தினார்கள். டயர்களும் எஞ்சினும் கலக்காத காற்று அந்த உயரத்தில் கிடைத்தது. பின்தள்ளியதால் நெம்புகோல் பலமும் கிடைத்தது. விங்கின் குறைந்த சாய்விலேயே காரைத் தரையோடு அமுக்கப் போதிய அழுத்தம் வந்ததால் தடையும் குறைந்தது. அந்த ஆண்டு கெயின்ஸ்வில்லில் மணிக்கு 262.39 மைல் வேகத்தைத் தொட்டு, 260ஐத் தாண்டிய முதல் ஓட்டுநரானார் அவர். ஆனால் முன்சக்கரம் இழுக்கும் தெருக் காரில் பெரிய பின்விங் வைப்பது வேண்டாத வேலை. அது பின்பக்கத்தை அமுக்கி, இழுக்கும் சக்கரங்களின் சுமையைத்தான் குறைக்கும்.

"உருவத்தை வழுவழுப்பாக்கினால் வேகம் தானாக வரும்" என்ற நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க டிராக் ஓட்டுநர் டான் கார்லிட்ஸைவிடத் துணிந்தவர் இல்லை. 1970களின் தொடக்கத்தில் காரை முழுக்க மூடிக் கட்டிப் பார்த்தார். எதிர்பார்த்த பலன் வரவில்லை. 1986இல் அவருடைய ஸ்வாம்ப் ராட் 30 கார் வந்தது. மூடிய ஓட்டுநர் அறை, கூரிய மூக்கு, மிகச் சிறிய முன்சக்கரங்கள். கெயின்ஸ்வில்லில் அது மணிக்கு 272.56 மைல் வேகத்தில் ஓடியது. 270ஐ யாரும் அதற்குமுன் தாண்டியதில்லை. அதே ஆண்டு இங்கிலிஷ்டவுனில் அதே காரின் மூக்கு எழும்பியது, அடியில் காற்று புகுந்தது, கார் செங்குத்தாக எழுந்து திரும்பி, எதிர்த்திசை பார்த்தபடி சக்கரங்களில் இறங்கியது. கார்லிட்ஸ் உயிர் தப்பினார். அடுத்த ஆண்டு ஸ்போகேனில் ஸ்வாம்ப் ராட் 31 காரின் மூக்கும் அதேபோல் எழும்பியது. மூக்கைத் தரையோடு பிடித்துவைப்பதில் எடைக்கும் பங்கு உண்டு, காற்றுக்கும் பங்கு உண்டு. எடையைக் குறைத்தால் அந்தப் பொறுப்பு முன்விங்குக்குப் போகிறது. மூக்கு ஓரளவுக்கு மேல் எழும்பிவிட்டால் முன்விங்காலும் காப்பாற்ற முடியாது.

பாதுகாப்புக் குழாய்ச்சட்டத்தை (ரோல் கேஜ்) வீண் எடை என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். 9.99 நொடிக்குள் ஓடும் கார்களுக்கு என்.எச்.ஆர்.ஏ. பொதுவாக ரோல் கேஜைக் கட்டாயமாக்கியது உயிருக்காக. அதே கேஜ் உடற்சட்டத்தை முறுக்கவிடாமல் இறுக்குகிறது. சஸ்பென்ஷன் ஒழுங்காக வேலை செய்து டயர் பிடிப்பது அதனால்தான். மணிக்கு 150 மைல் வேகத்தைத் தாண்டும் கார்களுக்கு பாராசூட்டும் கட்டாயம். அதன் இழுப்பு காரின் ஈர்ப்பு மைய உயரத்தில் விழும்படி கொக்கியைப் பொருத்த வேண்டும்; மேலே போனால் முன்சக்கரங்கள் லேசாகும், கீழே போனால் பின்சக்கரங்கள் லேசாகும்.