முட்டிக்கு பி.ஆர்.பி. ஊசியா? முதலில் இன்ச் டேப்பை எடுங்கள்

மூட்டுத் தேய்மானத்துக்கு பி.ஆர்.பி. ஊசி போட்டுக்கொள்பவர்கள் இப்போது நிறைய. நம் கையிலிருந்தே ரத்தம் எடுத்து, மெஷினில் சுழற்றி, பிளேட்லெட் அதிகமுள்ள பகுதியைப் பிரித்து முட்டிக்குள் செலுத்துகிறார்கள். மருந்தே நம் ரத்தம்தான் என்றால், அந்த ரத்தம் ஓடும் உடம்பையும் கொஞ்சம் கவனிக்க வேண்டாமா? ஊசிக்குத் தேதி வாங்கும் முன் பார்க்க வேண்டியவை இவை.

1. எடை மெஷின் மட்டும் போதாது, இடுப்பையும் அளந்துவிடுங்கள். புடவைக் கட்டும் பேன்ட் சைஸும் கணக்கில் வராது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் டேப்பைச் சுற்றி, மூச்சை விட்ட பிறகு, வயிற்றை எக்காமல் பாருங்கள். நம் நாட்டுக் கணக்கில் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ.தான் எல்லை. பி.எம்.ஐ. 23-ஐத் தொட்டாலே அதிக எடை, 25 என்றால் பருமன்.

2. ஒரு கிலோ குறைந்தால், நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் முட்டியில் விழும் பாரம் ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது. அமெரிக்காவில் மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களை நடக்கவிட்டு அளந்து 2005-ல் வெளியிட்ட கணக்கு இது. ஐந்து கிலோ இறக்கினால் அடிக்கு அடி இருபது கிலோ மிச்சம். முட்டிக்குள் போடும் எந்த ஊசியும் இதைச் செய்யாது.

3. "பாரம்தானே, நான் அதிகம் நடப்பதே இல்லையே" என்று சமாதானம் சொல்ல வேண்டாம். பருமனானவர்களுக்குக் கை விரல் மூட்டுகளிலும் தேய்மானம் அதிகம் வருகிறது. விரலால் யாரும் நடப்பதில்லையே! கொழுப்புத் திசு சும்மா இருப்பதில்லை. அழற்சியைத் தூண்டும் பொருட்களைச் சுரந்து ரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கிறது. ஊசி மருந்து எடுப்பதும் அந்த ரத்தத்திலிருந்துதான்.

4. எடை குறைய வேண்டும் என்பதற்காகப் பட்டினி கிடக்காதீர்கள். வேகமாக எடை இறங்கினால் கொழுப்போடு தசையும் கரையும். முட்டியைத் தாங்கிப் பிடிப்பது தொடைத் தசை. அது போனால் எடை குறைந்தும் பயனில்லை. வயதானவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் புரதமாவது தினமும் வேண்டும். 60 கிலோ என்றால் 60 கிராம். நம் வீட்டுச் சாப்பாட்டில் இது தானாக வந்துவிடாது. நாலு இட்லியும் தேங்காய்ச் சட்னியும் சேர்ந்தாலும் பத்து கிராமைத் தாண்டுவது கஷ்டம். கூடவே ஒரு முட்டை (6 கிராம்), மாலை டீயோடு மிக்சருக்குப் பதில் ஒரு கிண்ணம் சுண்டல், மதியம் சோற்றில் ஒரு கரண்டி குறைத்துக் கெட்டியான பருப்பு ஒரு கரண்டி கூட, இரவு தயிரோ பனீரோ என்று பிரித்துக்கொள்ளுங்கள். மீன் சாப்பிடுபவர்களுக்கு மத்தி மலிவு, ஒமேகா-3 கொழுப்பும் அதில் உண்டு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

5. தசை போதுமா என்று பார்க்க ஒரு நாற்காலி போதும். சுவரை ஒட்டிப் போட்டு, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, கையை ஊன்றாமல் எழுந்து உட்காருங்கள். ஐந்து முறைக்கே திணறினால் முதல் வேலை தொடைக்குத்தான். காலை நீட்டி உட்கார்ந்து, முட்டிக்கடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதை அழுத்திப் பத்து எண்ணி விடுங்கள். டி.வி. பார்த்துக்கொண்டே செய்யலாம்.

6. ஆட்டுக்கால் சூப், கொல்லிமலை முடவாட்டுக்கால் கிழங்கு சூப் இரண்டும் ருசிக்காகக் குடியுங்கள். ஆட்டுக்கால் சூப்பிலுள்ள கொலாஜன் வயிற்றில் செரித்து அமினோ அமிலமாகிவிடும். நேரே முட்டிக்குப் போய் ஒட்டிக்கொள்ளாது.

7. சர்க்கரை உள்ளவர்கள் ஹெச்பிஏ1சி பார்த்துக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகு போகலாம். சர்க்கரை ஏறியிருந்தால் தொற்று பயமும் கூடும், ஆறுவதும் தாமதமாகும். புகைப்பவர்களுக்கும் இதே பேச்சுதான்.

8. டைக்ளோஃபெனாக், ஐபூப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் பிளேட்லெட்டின் வேலையைத் தடுப்பவை. ஊசிக்கு எத்தனை நாள் முன் நிறுத்த வேண்டும், பின் எப்போது தொடங்கலாம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இடையில் வலித்தால் பெரும்பாலும் பாராசிட்டமால் தருவார்கள். இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள் தாமாக நிறுத்தவே கூடாது. மீன் எண்ணெய், மஞ்சள் கேப்சூல் சாப்பிட்டால் அதையும் சொல்லிவிடுங்கள். குழம்பில் போடும் மஞ்சள் பரவாயில்லை.

9. ரத்தம் எடுக்கும் நாளில் பூரி, பிரியாணி வேண்டாம். எண்ணெய்ச் சாப்பாட்டுக்குப் பின் எடுத்த ரத்தத்தைச் சுழற்றினால், வெளிர் மஞ்சளாகத் தெளிந்து நிற்க வேண்டிய பிளாஸ்மா பால் கலந்தது போல் கலங்கி நிற்கும். அளவாகச் சாப்பிட்டு, நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள். ரத்தக் குழாயும் எளிதில் கிடைக்கும்.

10. போட்டபின் ஓரிரு நாள் வலியும் வீக்கமும் இருக்கலாம். அதற்காக மாதக்கணக்கில் படுத்துவிடாதீர்கள். குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. மூட்டு அசைந்தால்தான் அதற்கு உணவே போய்ச் சேரும்.

11. "குருத்தெலும்பு புதுசா வளரும்" என்று யாராவது சொன்னால் பர்ஸை மூடுங்கள். ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் செய்து 2021-ல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டு கழித்து பி.ஆர்.பி.க்கும் வெறும் உப்புநீர் ஊசிக்கும் வலியில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. பலன் கண்டதாகச் சொல்லும் ஆய்வுகளும் இருக்கின்றன. ஆனால் உணவுக் கட்டுப்பாட்டோடு உடற்பயிற்சியும் செய்தவர்களுக்கு வலி குறைந்தது என்பதை, 454 பேரை 18 மாதம் தொடர்ந்து பார்த்து 2013-லேயே காட்டிவிட்டார்கள். அவர்கள் சராசரியாகப் பத்து கிலோ இறக்கியிருந்தார்கள். காசைக் கட்டுவதற்கு முன் ஒரு மூன்று மாதம் இந்த வழியில் போய்ப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

12. எக்ஸ்ரேயைக் காட்டி, "எனக்குத் தேய்மானம் எந்த கிரேடு?" என்று நேராகக் கேளுங்கள். நாலாவது கிரேடு, எலும்போடு எலும்பு உரசுகிறது என்றால் இந்த ஊசியை நம்பிப் பணத்தைக் கொட்டாதீர்கள். மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்யும் டாக்டரிடம் பேசுங்கள். அதற்கும் தொடைத் தசை வலுவாக இருப்பது நல்லது.