விக்கிக்குப் புதிதாக வருபவர்களுக்கு

தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு பிழையைக் கண்டு, பொறுக்க மாட்டாமல் 'தொகு' பொத்தானை அழுத்திவிட்ட தம்பி தங்கைகளுக்கு, முன்னே வந்தவன் சொல்லும் சில.

1. முதல் நாளே புதுக் கட்டுரை எழுத உட்காராதீர்கள். உங்கள் ஊரைப் பற்றிய பக்கத்தைத் திறந்து பாருங்கள். எடுத்துக்காட்டாக, தென்காசி தனி மாவட்டமானது 2019-இல். அந்த வட்டாரத்து ஊர் ஏதாவது இன்னும் திருநெல்வேலி மாவட்டத்திலேயே கிடந்தால் அதைச் சரிசெய்யுங்கள். எழுதிப் பழக மணல்தொட்டி இருக்கிறது.

2. "எனக்குத் தெரியும்" என்பது சான்று ஆகாது. உங்கள் தாத்தா கட்டிய கோயிலாகவே இருக்கட்டும், நூலோ கல்வெட்டு அறிக்கையோ நாளிதழோ வேண்டும். நூலென்றால் ஆசிரியர், ஆண்டு, பக்க எண் மூன்றையும் கொடுங்கள். அடுத்தவர் எடுத்துச் சரிபார்க்க முடிய வேண்டும். இதில் ஒரு பொறி உண்டு. நிருபர் விக்கியைப் பார்த்துச் செய்தி எழுதுவார். அந்தச் செய்தியையே நாம் விக்கிக்குச் சான்றாகக் கொண்டுவருவோம். யாரோ அவிழ்த்துவிட்ட பொய் இப்படித்தான் உண்மையாகிறது. 'வரலாறு' பக்கத்தில் ஒவ்வொரு மாற்றமும் நாள், நேரத்தோடு நிற்கும். அந்த வரி முந்தியதா, செய்தி முந்தியதா என்று பாருங்கள்.

3. உயிரோடு இருப்பவர்களைப் பற்றி எழுதும்போது கை நடுங்க வேண்டும். ஜான் சீகென்தாலர் என்ற அமெரிக்க இதழாளர், ராபர்ட் கென்னடியிடம் உதவியாளராக இருந்தவர். கென்னடி சகோதரர்களின் கொலையில் அவருக்கே தொடர்பு இருந்ததாகச் சந்தேகம் என்று ஒருவர் விளையாட்டாக எழுதிப் போட்டார். 2005-இல் நான்கு மாதங்களுக்கு மேல் ஆங்கில விக்கியில் அது அப்படியே இருந்தது. கணக்கில்லாதவர்கள் புதுக் கட்டுரை தொடங்க முடியாது என்று அங்கே விதி வந்தது அதன் பிறகுதான். சான்றில்லாத பழியைக் கண்டால் விவாதிக்க வேண்டாம், முதலில் நீக்குங்கள்.

4. உங்கள் திருத்தத்தை ஒருவர் மீளமைத்தால் கோபம் வரும். மறுபடி மாற்றாமல் பேச்சுப் பக்கத்துக்குப் போங்கள். சாதி, கட்சி, நடிகர் பற்றிய பக்கங்களில் இது இரட்டிப்பாகப் பொருந்தும்.

5. உங்களைப் பற்றியும் உங்கள் கடையைப் பற்றியும் எழுதாதீர்கள். அவ்வளவுதான்.

6. இணையத்தில் கிடப்பதெல்லாம் பொதுச்சொத்து அல்ல, வெட்டி ஒட்டாதீர்கள். நீங்களே எடுத்த ஏரி, கோபுரப் படங்களை விக்கியின் படக் கிடங்கான பொதுவகத்தில் ஏற்றுங்கள்.

7. எண்ணிக்கை மயக்கத்தில் விழாதீர்கள். தமிழ் வளர்ச்சிக் கழகம் பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியத்தை 1954 முதல் 1968 வரை வெளியிட்டது. 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கியோ அதே அளவு காலத்தில், 2017-இல், ஒரு லட்சம் கட்டுரைகளைத் தாண்டியது. பெருமைதான். ஆனால் அவற்றில் பல இரண்டு மூன்று வரியோடு, சான்றில்லாமல் நிற்கின்றன. புதிது தொடங்க ஆள் வருகிறார்கள். பழையதைச் சரிபார்க்கத்தான் ஆள் போதவில்லை. அந்தப் பக்கம் வாருங்கள்.