பிள்ளை பார்ப்பதும் ஒரு வேலைதான்

கேள்வி: புதுச்சத்திரம் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுக்கு. நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். டேலி, ஜிஎஸ்டி எல்லாம் என் பொறுப்பு. மொத்தம் பதினைந்து பேர் வேலை செய்கிறோம். கணவர் லாரி டிரைவர். வடக்கே லோடு ஏற்றிப் போனால் திரும்பிவரப் பத்துப் பதினைந்து நாளாகும். பையனுக்கு ஒன்றேகால் வயது. இதுவரை மாமியார் பார்த்துக்கொண்டார். மூட்டுவலியோடு பிள்ளையின் பின்னால் ஓடி, போன வாரம் வாசலில் விழுந்துவிட்டார். அங்கன்வாடியில் கேட்டால், "ரெண்டு வயசு முடியட்டும்" என்கிறார்கள். "வேலையை விட்டுடு கண்ணு" என்கிறார் அம்மா. எட்டு வருஷமாகக் கற்ற வேலையை விட மனசில்லை. பிள்ளையைத் தவிக்க விடவும் மனசில்லை. என்ன செய்வது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: ராஜினாமாக் கடிதத்தை ஒன்பது மாதம் தள்ளி வையுங்கள், சகோதரி. அதற்குள் பையனுக்கு இரண்டு வயதாகிவிடும். ஒன்பது மாத நெருக்கடிக்காக எட்டு வருஷத் தொழிலைக் கொடுக்க வேண்டாம்.

உங்கள் சிரமத்துக்கு நீங்கள் காரணமில்லை. கல்வியாளர் மீனா சுவாமிநாதன் தலைமையில் சிறு குழந்தைகளின் வளர்ச்சியை ஆராய்ந்த குழு 1972-இல் தந்த அறிக்கை, அங்கன்வாடித் திட்டத்துக்கு வழி திறந்தது. 1975 அக்டோபர் 2-இல் திட்டம் தொடங்கியது. ஆனாலும் பிரசவ விடுப்பு முடிவதற்கும் அங்கன்வாடி வாசல் திறப்பதற்கும் நடுவில் ஓர் இடைவெளி இன்றும் இருக்கிறது. அதை அம்மாவும் பாட்டியும்தான் தங்கள் உடம்பால் நிரப்புகிறார்கள்.

சட்டம் எவ்வளவு உதவும்? 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் கட்டாயம் என்ற விதியை மகப்பேறு நலச் சட்டத்துக்கு 2017-இல் வந்த திருத்தம் கொண்டுவந்தது. தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்க்கலாம். பதினைந்து பேர் உள்ள உங்கள் பட்டறைக்கு இது பொருந்தாது. ஆனால் பிரசவ விடுப்புக்குப் பிறகு, வேலையின் தன்மை இடம் கொடுத்தால், முதலாளியோடு பேசி வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்பதையும் அதே திருத்தம் ஏற்றிருக்கிறது. கணக்கு வேலை அப்படிப்பட்டதுதான்.

முதலாளியிடம் சலுகையாகக் கேட்காதீர்கள். திட்டமாக ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். மாதாமாதம் ரிட்டர்ன் போடுபவர்களுக்கு 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும்தான் நெருக்கடி. "அந்தத் தேதிகளை ஒட்டிய நாலைந்து நாள் முழுநேரமும் பட்டறையில் இருப்பேன். மற்ற வாரங்களில் இரண்டு நாள் வீட்டிலிருந்து டேலியில் பதிவேன். மூன்று மாதம் பார்த்துவிட்டுப் பேசலாம்" என்று எழுதுங்கள். தேதியோடு கேட்டால் மறுப்பது கடினம்.

அடுத்தது உங்கள் தெரு. உங்களைப் போலவே இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையோடு திண்டாடும் இன்னும் இரண்டு வீடு பக்கத்தில் இருக்கும். மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள். சத்தீஸ்கரில் 'புல்வாரி' என்ற மையங்களில் தாய்மார்களே முறை வைத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார்கள். தினமும் பஸ் ஏறும் உங்களுக்கு முறை வைப்பது ஒத்துவராது. அகமதாபாத்தில் இலா பட் 1972-இல் தொடங்கிய சேவா அமைப்பின் வழி பொருந்தும். அங்கே பிள்ளை பார்க்கும் பெண்கள் சேர்ந்து 'சங்கினி' என்ற கூட்டுறவையே நடத்துகிறார்கள். தாய்மார்களின் வேலை நேரத்தை ஒட்டிக் காப்பகம் நடக்கிறது. பெற்றோரும் ஒரு பங்கு பணம் கொடுக்கிறார்கள்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்: நீங்கள் நம்பும் ஒரு பெண்ணை அமர்த்தி, மூன்று வீடும் சேர்ந்து மாதச் சம்பளம் கொடுங்கள். "அக்கா சும்மாதான் பார்த்துக்கிறாங்க" என்று தொடங்கும் ஏற்பாடு, அந்த அக்கா வீட்டில் ஒரு விசேஷம் வந்ததும் முறிந்துபோகும். மனசில் கசப்பும் தங்கும். வரும் நேரம், போகும் நேரம், வார விடுமுறை, அவருக்கு உடம்பு முடியாத நாளில் யார் பார்ப்பது என்பதை எல்லாம் முதல் நாளே பேசிவிடுங்கள். மூன்று பிள்ளைக்கு மேல் ஒருவரிடம் விடாதீர்கள். தண்ணீர்த் தொட்டி மூடியிருக்கிறதா, அடுப்பு எட்டாத உயரத்தில் இருக்கிறதா என்று நீங்களே தரையில் உட்கார்ந்து, பிள்ளையின் கண் மட்டத்தில் பாருங்கள்.

அந்தச் செலவை உங்கள் சம்பளத்தில் மட்டும் கழித்து, "மிச்சம் என்ன?" என்று கணக்குப் போடாதீர்கள். பிள்ளை இருவருக்கும் பிள்ளை, செலவும் இருவருடையது. கணவர் வீட்டில் இருக்கும் நாட்களில் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, தூளியில் போட்டுத் தூங்கவைப்பது எல்லாம் அவர் செய்யட்டும். மாமியாருக்கு ஓட்டம் வேண்டாம். மடியில் வைத்துக் கதை சொல்லும் உரிமை அவருக்கே இருக்கட்டும்.

அரசையும் விடாதீர்கள். 'பால்னா' என்ற திட்டத்தில் ஆறு மாதக் குழந்தை முதல் சேர்க்கும் அங்கன்வாடிக் காப்பகங்களுக்கு வழி இருக்கிறது. மூன்று வீடுமாகச் சேர்ந்து கிராம சபையில் மனுக் கொடுங்கள். குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடமும் ஒரு பிரதி கொடுங்கள். உங்கள் பையனுக்கு உதவாவிட்டாலும் அடுத்த தாய்க்கு உதவும்.

கடைசியாக, அமர்த்திய பெண்ணிடம் பிள்ளையை விடும் முதல் வாரம் நீங்களும் அங்கே கூட உட்காருங்கள். பிறகு ஒரு மணி நேரம், அரை நாள் என்று கூட்டுங்கள். அவன் பார்க்காதபோது நழுவிப் போகாதீர்கள். "அம்மா சாயங்காலம் வந்துடுவேன்" என்று முகம் பார்த்துச் சொல்லிவிட்டுப் போங்கள். அழுவான். சொன்ன நேரத்துக்குத் தினமும் வந்து நில்லுங்கள். வார்த்தை புரியாத வயசிலும் அந்த வருகை அவனுக்குப் புரியும்.