சாவடிச் சுவருக்கு மூச்சு முட்டுது!

உங்க ஊர்ல சாவடி இருக்கா? ஊர் நடுவுல உயரமான திண்ணை, நாலு கல்தூண், மேல கூரை. பஞ்சாயத்து, திருவிழாக் கணக்கு, ஆடுபுலி ஆட்டம், மத்தியானத் தூக்கம் எல்லாம் அங்கதான்.

எங்க தாத்தா ஊர்ச் சாவடியைச் சில வருஷம் முன்னாடி காசு சேர்த்துப் புதுப்பிச்சாங்க. உதிர்ந்த சுவருக்குச் சிமென்ட் பூச்சு, மேல பளபள பெயின்ட். ரெண்டே மழைக்காலம்தான். பெயின்ட் உப்பி, பூச்சு பாளம் பாளமா விழுந்துச்சு. கூடவே பழைய செங்கலும் பேந்து வந்துச்சு. "நல்ல சிமென்ட்தானப்பா போட்டோம்?"னு தாத்தா கேட்டார். சிவில் படிக்கிற எனக்கு அன்னைக்குப் பதில் தெரியல. அப்புறம் தேடிப் படிச்சதை மூணு கேள்வியா எழுதறேன்.

1. சுவர் எதால கட்டினது?

சாவியால சுரண்டிப் பாருங்க. வெள்ளையா, பொடியா உதிர்ந்தா அது பெரும்பாலும் சுண்ணாம்புக் காரை. சுண்ணாம்புக்கல்லைச் சுட்டு, தண்ணி ஊத்தி நீர்த்து, மணலோட அரைச்சுப் பூசுவாங்க. கடுக்காய்த் தண்ணியும் வெல்லமும் சேர்க்கறது நம்ம கொத்தனார்கள் வழக்கம். பூசின காரை காத்துல இருக்கற கார்பன் டை ஆக்சைடை மெதுவா இழுத்து மறுபடியும் கால்சியம் கார்பனேட் ஆகும். அதாவது திரும்பக் கல்லாகுது! இந்தக் காரையில நுண்துளைகள் அதிகம். சுவருக்குள்ள போன ஈரம் அது வழியா வெளியேறிடும். சிமென்ட் பூச்சு அந்த வழியை அடைச்சிடும். உள்ள மாட்டின ஈரத்துல கரைஞ்ச உப்பு, காயும்போது படிகமாகிச் செங்கலையே உடைக்கும். அதனால சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சுதான். மேலயும் பெயின்ட் வேணாம், வெள்ளையடிச்சாப் போதும்.

2. தண்ணி எங்கிருந்து வருது?

பூச்சுக்கு முன்னாடி இதைக் கண்டுபிடிக்கணும். எங்க ஊர்ல ரோடு மேல ரோடு போட்டு, தெரு உயர்ந்து சாவடி பள்ளமாயிடுச்சு. மழைத்தண்ணி அடிச்சுவர்ல தேங்கி, செங்கல் வழியா மேல ஏறுது. கூரை விரிசல்ல அரசங்கன்று வேற. வடிகால் வெட்டாம, வேரை எடுக்காம எதைப் பூசினாலும் வீண்.

3. யார் உட்கார்ந்தாங்க?

இது சிலபஸ்ல இல்லாத கேள்வி. உத்திரமேரூர்ல முதலாம் பராந்தக சோழன் காலத்து, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டு குடவோலைத் தேர்தலைச் சொல்லுது. நாம பெருமையா படிச்சதுதான். ஆனா பேர் எழுதிப் போடவே நிலமும், சொந்த மனையில வீடும், வேதப் படிப்பும் வேணும்னு அதே கல்வெட்டுல இருக்கு. எல்லாருக்கும் அங்க இடமில்லை. பல ஊர்ச் சாவடிகள்லயும் சாதி பார்த்துத்தான் மேல ஏறவிட்டாங்க. எங்க அப்பத்தா தினமும் அந்த வழியாத்தான் போவாங்க, ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. சுவரைப் பழையபடி மீட்கலாம். அந்த வழக்கத்தை மீட்க வேணாம்.

இந்த செமஸ்டர் லீவுல ஊருக்குப் போனா ஒரு டேப், ஒரு நோட்டு எடுத்துட்டுப் போங்க. அளவெடுங்க, விரிசலைப் போட்டோ எடுங்க. சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச வயசான கொத்தனார் இருந்தா பக்கத்துல உட்கார்ந்து கேளுங்க. சிமென்ட் மூட்டை வந்து இறங்கறதுக்குள்ள இதைச் செஞ்சிடுங்க.