கத்திரி வெயிலில் தேனீயும் பூவும்: செஞ்சி வீட்டுத் தோட்டத்துக்குச் சில குறிப்புகள்

செஞ்சியில் கோடை என்றால் வெயிலோடு பாறைச் சூடும் சேர்ந்துகொள்ளும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று ஊரைச் சுற்றி நிற்கிற குன்றுகள் பகலெல்லாம் வாங்கிய சூட்டைப் பொழுது சாய்ந்த பிறகும் வெகுநேரம் விட்டுக்கொண்டே இருக்கும். நெல் அறுத்து, கடலை பிடுங்கி, நிலமெல்லாம் காய்ந்து கிடக்கும் மாதங்கள் இவை. சித்திரையில் தேனீக்குப் பெரிய ஆதாரம் வேம்பும் புங்கமும்தான். அவற்றின் பூ உதிர்ந்த பிறகு நம் வீட்டுக் கொல்லையும் மாடித் தொட்டியும்தான் கதி. பத்துத் தொட்டி வைத்திருப்பவர்கள்கூட இந்த மூன்று மாதத்தில் தேனீக்களுக்குக் கொஞ்சம் சோறு போட முடியும். கூடவே நம் வீட்டுக் காயும் பிடிக்கும், காலை நேரமும் இனிமையாகக் கழியும்.

1. முதல் வேலை தண்ணீர் வைப்பது. தேனீக்குத் தண்ணீர் குடிக்க மட்டும் தேவைப்படுவதில்லை. கூட்டுக்குள் புழு வளரும் பகுதியை அது 34, 35 டிகிரி சூட்டிலேயே வைத்திருக்க வேண்டும். வெளியே 40 டிகிரி அடிக்கும்போது வேலைக்காரத் தேனீக்கள் வாய் வாயாகத் தண்ணீர் கொண்டுவந்து அறைகளின் மேல் தடவி, சிறகால் விசிறி ஆற்றுகின்றன. அகலமான மண் தட்டு ஒன்றில் கூழாங்கல்லோ உடைந்த ஓட்டுச் சில்லோ பரப்பி, அவற்றின் தலை வெளியே தெரியும்படி தண்ணீர் ஊற்றுங்கள். கல்லின் ஈர விளிம்பில் உட்கார்ந்துதான் அது உறிஞ்சும். ஆழமான தண்ணீரில் விழுந்தால் எழ முடியாது. தட்டைச் செடி நிழலில் ஒரே இடத்தில் வையுங்கள். தேனீ இடத்தை நினைவில் வைத்துத் திரும்பத் திரும்ப வரும், இன்று இங்கே நாளை அங்கே என்று மாற்றினால் ஏமாந்துபோகும். இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரைச் செடிக்குக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றினால் கொசுப்புழு வராது.

2. மாட்டுத் தொட்டி, கழுநீர்த் தொட்டி, திறந்த பேரல் இருக்கும் வீடுகளில் காய்ந்த தேங்காய் மட்டை ஒன்றை மிதக்க விடுங்கள். விழுந்த தேனீ அதைப் பிடித்து ஏறிக்கொள்ளும்.

3. சர்க்கரைத் தண்ணீர், வெல்லப்பாகு வைக்க வேண்டாம். எறும்பு வரும், கூட்டுக்குக் கூடு நோய் பரவும். பூ இருந்தால் போதும்.

4. செடிக்குத் தண்ணீர் காலை ஏழு மணிக்குள் அல்லது மாலை ஆறு மணிக்கு மேல். வெயிலில் கிடந்த ஹோஸ் பைப்பில் முதலில் வருவது வெந்நீர், அதை வாளியில் பிடித்து ஆற விடுங்கள். செஞ்சிக் கோட்டைக்குள் சக்கரகுளம், செட்டிகுளம் என்று வெட்டி வைத்து மழைநீரைச் சேமித்த ஊர் இது. அரிசி கழுவிய தண்ணீரும் காய்கறி அலசிய தண்ணீரும் சாக்கடைக்குப் போகாமல் தொட்டிக்குப் போகட்டும்.

5. நம் பக்கத்தில் மூடாக்குக்குப் பஞ்சமே இல்லை. கடலை உடைக்கும் இடங்களில் தோல் மூட்டையாகக் கிடைக்கும், கரும்புச் சோகை கிடைக்கும், வேப்பஞ்சருகு தெருவிலேயே கிடக்கும். இரண்டு அங்குலத் தடிமனில் பரப்புங்கள், தண்டை ஒட்டி மட்டும் கொஞ்சம் இடம் விடுங்கள். மாடித் தொட்டிகளைத் தளத்தில் நேராக வைக்காமல் செங்கல்லின் மேல் ஏற்றி வைத்தால் வேர் வேகாது. சின்ன மண்கலயத்தைக் கழுத்தளவு புதைத்துத் தண்ணீர் நிரப்பி மூடி வைத்தால் கசிந்து கசிந்து வேருக்குப் போகும். இரண்டு நாள் வெளியூர் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி தெரியவில்லை.

6. கொல்லை முழுவதும் மூடாக்குப் போட்டுவிடாமல் வெயில் படும் ஓர் ஓரத்தில் இரண்டடிக்கு இரண்டடி வெறும் மண் விட்டு வையுங்கள். தனித்து வாழும் தேனீக்களில் பல மண்ணில் வளை தோண்டித்தான் முட்டையிடும்.

7. எந்தப் பூவை வைப்பது? தேனீயின் கண்ணுக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது. நீலமும் மஞ்சளும் நன்றாகத் தெரியும், நமக்குத் தெரியாத புற ஊதா நிறமும் தெரியும். எனவே சங்குப்பூ, சூரியகாந்தி, துளசி, திருநீற்றுப்பச்சிலை, டேபிள் ரோஸ் ஆகியவற்றை முதலில் வையுங்கள். இவை எல்லாமே நம் வெயிலைத் தாங்கும். டேபிள் ரோஸ் வெயில் ஏறினால்தான் விரியும், பத்து மணி வாக்கில் அதன் மேல் சின்னத் தேனீக்கள் மொய்க்கும். துலுக்கச் சாமந்தி வாங்கும்போது ஒற்றை அடுக்கு ரகமாகப் பாருங்கள். பந்து பந்தாக இதழ் அடைந்த ரகங்கள் மாலைக்கு நன்றாக இருக்கும், தேனீ உள்ளே நுழைய இடம் இருக்காது.

8. துளசிக் கதிரை எல்லாம் கிள்ளாதீர்கள். செடி புதராக வளரக் கிள்ளத்தான் வேண்டும், ஆனாலும் நான்கில் ஒரு பங்கைப் பூக்க விடுங்கள். சமையலுக்குப் போட்ட கொத்தமல்லி முற்றிவிட்டால் பிடுங்கி எறியாமல் அப்படியே விடுங்கள். அந்த வெள்ளைப் பூவுக்கு வராத பூச்சி இல்லை. முருங்கை இருக்கும் வீட்டுக்குத் தேனீயைத் தனியாக அழைக்க வேண்டியதில்லை.

9. சாயங்காலத்துக்கும் பூ வேண்டும். அந்திமந்தாரை நாலு மணிக்கு மேல் விரியும். குண்டுமல்லி, முல்லை வாசத்துக்கு அந்துப்பூச்சி வரும். கட்டிலைக் கொல்லையில் போட்டுப் படுப்பவர்கள் இவற்றைத் தலைமாட்டுப் பக்கம் வைத்தால் கரண்ட் போன ராத்திரியும் பாரமாக இருக்காது. மல்லிச்செடியைக் கார்த்திகை, மார்கழியில் கவாத்து செய்திருந்தால்தான் பங்குனி முதல் கொத்துக் கொத்தாகப் பூக்கும். இந்த ஆண்டு விட்டுப்போயிருந்தால் இப்போது வெட்ட வேண்டாம், பூத்து முடிந்த நுனிகளை மட்டும் கிள்ளிவிடுங்கள்.

10. பூசணிப் பிஞ்சு மஞ்சளாகி வெம்பி உதிர்கிறதா? உரம் குறைவு என்று நினைத்து மேலும் மேலும் எரு போடுவார்கள். பெரும்பாலும் மகரந்தம் சேரவில்லை என்பதுதான் காரணம். பூவின் அடியில் குட்டிக் காய் போல இருப்பது பெண் பூ, வெறும் காம்பு மட்டும் இருப்பது ஆண் பூ. அன்று விரிந்த ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்துவிட்டு, நடுவில் இருக்கும் மஞ்சள் தூளைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். நேரம் முக்கியம். பூசணியும் பாகலும் விடிகாலையில் விரிபவை, காலை எட்டு மணிக்குள் முடித்துவிட வேண்டும். சுரை, பீர்க்கு, புடலை மூன்றும் பொழுது சாயும்போது விரிபவை, விளக்கேற்றும் நேரத்தில் செய்ய வேண்டும். காலையில் போய்ச் சுரைப்பூவைத் தடவினால் வாடிய பூவைத்தான் தடவுவீர்கள்.

11. தக்காளி, கத்தரிப் பூக்களின் மகரந்தம் குழாய்க்குள் அடைபட்டிருக்கும், உலுக்கினால்தான் நுனித் துளை வழியே கொட்டும். நம் கூட்டுத் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. பூவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிர வைக்கத் தெரிந்தது கருநிறத்துப் பெரிய மரத்துளை வண்டு, வயிற்றில் நீல வரி போட்ட தேனீ போன்றவைதான். கத்தரிப்பூ அருகில் காது வைத்தால் 'ஞொய்' என்று சட்டென்று சத்தம் உயர்ந்து நிற்பது கேட்கும், மகரந்தம் கொட்டுகிற சத்தம் அதுதான். வண்டு வராத மாடித் தோட்டத்தில் காலை ஒன்பது மணி வாக்கில் பூக்காம்பை விரலால் சுண்டிவிடுங்கள். ஒன்று மட்டும் தெரிந்திருக்கட்டும்: பகல் வெயில் 35 டிகிரிக்கு மேல் நின்றால் தக்காளி மகரந்தமே பழுதாகிவிடும். மே மாதத்தில் பூ உதிர்வதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. பச்சை நிழல்வலை கட்டினால் ஓரளவு தாங்கும்.

12. ரோஜா இலை ஓரத்தில் கத்தரிக்கோலால் வெட்டினது மாதிரி அரைவட்டம் அரைவட்டமாக ஓட்டை விழுந்திருந்தால் மருந்தடிக்க ஓடாதீர்கள். இலைவெட்டித் தேனீயின் வேலை அது. வெட்டிய துண்டைக் காலுக்கிடையில் சுருட்டிப் பிடித்துப் பறந்து போய், குஞ்சுக்கு அறை கட்டும். செடிக்கு ஒரு நஷ்டமும் இல்லை. வீட்டில் மூங்கில் இருந்தால் சுண்டுவிரல் பருமனுள்ள குச்சிகளை ஒரு சாண் நீளத்துக்கு, ஒரு பக்கம் கணு அடைத்திருக்கும்படி நறுக்கி, கட்டாகக் கட்டி, மழை படாத இடத்தில் கிழக்குப் பார்த்துத் தொங்கவிடுங்கள். சில மாதத்தில் ஒன்றிரண்டு குச்சிகளின் வாய் இலையாலோ மண்ணாலோ அடைபட்டிருக்கும், குடித்தனம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

13. பழைய வீட்டுச் சுவரிலும் நிலைக்காலிலும் கொசு அளவு கறுப்புப் பூச்சிகள் பிசின் குழாய் வழியாகப் போய்வந்தால் அது கொசுத்தேனீ. கொட்டத் தெரியாதது, கொடுக்கு இருந்தும் இல்லாதது மாதிரிதான். சில நூறு மீட்டருக்குள்ளேயே இரை தேடுவதால் உங்கள் தோட்டத்தைத்தான் முழுக்கச் சுற்றிவரும். வெள்ளையடிக்கும்போது அந்த ஓட்டையை சிமெண்டு வைத்துப் பூசிவிடாதபடி கொத்தனாரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் பூசிய பிறகு உள்ளே இருக்கும் கூட்டத்துக்கு வெளியேற வழியே கிடையாது.

14. மருந்து. மாவுப்பூச்சி, அசுவினி கோடையில் வரத்தான் செய்யும். முதலில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்துப் பாருங்கள். அடங்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலும் கலந்து, பூவை விட்டுவிட்டு இலையின் அடிப்பக்கம் தெளியுங்கள். அதுவும் பொழுது இறங்கி, தேனீ கூடு திரும்பிய பிறகு. கடையில் இமிடாகுளோபிரிட் கொடுத்தால் வீட்டுத் தோட்டத்துக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது வேரில் ஏறிப் பூந்தேன் வரை போகும். ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் திறந்தவெளிப் பயிருக்குத் தடை செய்த மருந்துகளில் அதுவும் ஒன்று.

15. பானகம், மோர், ஜூஸ் குடித்த பேப்பர் கப்பைத் திறந்தபடி போடாதீர்கள். தமிழ்நாட்டு ஆய்வாளர்கள் 2011இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் எழுதிய கட்டுரை ஒன்று இருக்கிறது. ஐந்து காபிக் கடைகளில் வீசப்பட்ட கப்புகளில் முப்பது நாளில் செத்துக் கிடந்த தேனீக்கள் 25 ஆயிரத்துக்கும் மேல். அடியில் ஒட்டிய சர்க்கரைக்காக இறங்கியவை. விசேஷ வீட்டில் எவர்சில்வர் டம்ளர் வைத்தால் இந்தப் பாவம் இல்லை. கப்தான் என்றால் கவிழ்த்து அடுக்கி மூடிய தொட்டியில் போடுங்கள்.

16. மரக்கிளையில் திடீரென்று கொத்தாகத் தேனீக்கள் வந்து தொங்கினால் பயந்து தீப்பந்தம் தேடாதீர்கள். பிரிந்து வந்த கூட்டம் புது வீடு தேடுகிறது. பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் தானே கிளம்பிவிடும். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாமல் இருந்தால் போதும். ஆள் நடமாடும் இடத்தில் மலைத்தேனீ பெரிய அடை கட்டிவிட்டால் மட்டும் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

17. கோட்டை 2025 ஜூலையில் உலகப் பாரம்பரியச் சின்னமான பிறகு விடுமுறைக்கு உறவினர்கள் செஞ்சிக்கு வருவது கூடியிருக்கிறது. மலையேற அழைத்துப் போனால் சென்ட் அடிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். பாறை இடுக்கிலோ மண்டப விதானத்திலோ அடை தெரிந்தால் சத்தமில்லாமல் விலகி நடக்க வேண்டும், பையன்கள் கல்லெறியக் கூடாது.

18. கொட்டிவிட்டால் கொடுக்கை நகத்தாலோ ஏ.டி.எம். கார்டு விளிம்பாலோ உடனே சுரண்டி எடுங்கள். எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோமோ அவ்வளவு குறைவாக விஷம் இறங்கும். சோப்புப் போட்டுக் கழுவி, ஐஸ் ஒற்றடம் கொடுங்கள். கொட்டிய இடத்திலிருந்து கிளம்பும் வாசனை மற்ற தேனீக்களையும் அழைக்கும், ஆகவே அங்கேயே நிற்காதீர்கள். மூச்சுத் திணறல், உதடு நாக்கு வீக்கம், தலைசுற்றல், உடம்பெல்லாம் தடிப்பு, நிறையக் கொட்டு என்றால் கைவைத்தியம் பார்க்காமல் 108-ஐ அழையுங்கள்.

19. வீட்டில் தேன் உறைந்து மணல்மணலாக ஆகிவிட்டால் கலப்படம் என்று கொட்டாதீர்கள், நல்ல தேனும் உறையும். பாட்டிலை இளவெந்நீரில் நிறுத்தினால் இளகிவிடும். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு நாக்கில் தடவக்கூடத் தேன் கூடாது. பெட்டி வைத்துத் தேனீ வளர்க்க ஆசை இருந்தால் திண்டிவனம் வேளாண் அறிவியல் நிலையத்தில் பயிற்சி பற்றிக் கேளுங்கள்.

20. வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கு லீவில் ஒரு வேலை கொடுக்கலாம். காலை ஏழு முதல் ஒன்பது வரை ஏதாவது ஒரு செடியின் முன் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, வந்த பூச்சியை வரைந்து, எந்தப் பூவில் உட்கார்ந்தது என்று நோட்டில் எழுதட்டும். பின்னங்காலில் மஞ்சள் உருண்டை ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், மகரந்த மூட்டை அது. தேனீ ஒரு நடையில் பெரும்பாலும் ஒரே வகைப் பூவுக்குத்தான் போகும். இதைச் சொல்லாமல் விட்டு, பிள்ளைகளே கண்டுபிடிக்கிறார்களா என்று பாருங்கள்.

21. கோடை முடிவில் விதை எடுங்கள். துலுக்கச் சாமந்தி, சூரியகாந்தி, சங்குப்பூ, ஒரு முற்றிய பீர்க்கு. நிழலில் உலர்த்தி, கொஞ்சம் அடுப்புச் சாம்பல் கலந்து, காகிதப் பொட்டலத்தில் பெயரும் மாதமும் எழுதி வையுங்கள். காய்கறிக்கு ஆடிப்பட்டம்வரை பொறுக்க வேண்டும். சங்குப்பூவை அதுவரை காக்கவைக்க வேண்டாம். வைகாசியில் ஒரு நல்ல மழை பெய்ததும் விதையை ராத்திரி முழுக்க ஊறவைத்து, காலையில் வேலியோரம் ஊன்றிவிடலாம்.